கேஜன் கம்போ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டுச் சமையல் குறித்த ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கோழியோ கடல் உணவோ சேர்த்துச் செய்து சோற்றோடு உண்ணும் குழம்பான, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கம்போவைப் பற்றியே பலரும் கேட்டிருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு பண்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நியூ ஆர்லியன்ஸ் உணவகம் ஒன்றில் நான் சாப்பிட்ட கம்போ, தக்காளி சேர்த்துச் செந்நிறமாக, இறாலும் நண்டுமாக இருந்தது. லாஃபயெட் நகரைச் சேர்ந்த அலுவலகத் தோழி தன் வீட்டில் பரிமாறியதோ கரும்பழுப்பு நிறத்தில், கோழியும் சாசேஜுமாக, தக்காளியே இல்லாமல் இருந்தது. இரண்டில் எது உண்மையான கம்போ?
— வாசகி, ஹூஸ்டன்

இரண்டுமே உண்மையான கம்போதான். ஆனால் இரண்டும் ஒரே சமூகத்தின் சமையல் அல்ல. நீங்கள் நியூ ஆர்லியன்ஸில் சாப்பிட்டது கிரியோல் மரபைச் சேர்ந்தது. பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க, கரீபியச் சமையல்கள் ஒரு துறைமுக நகரத்தில் கலந்து உருவான மரபு அது. கடல் வழியாக வந்த பொருள்களும் சந்தையில் கிடைத்த தக்காளியும் அதில் இயல்பாகச் சேர்ந்தன. உங்கள் தோழி பரிமாறியது கேஜன் மக்களின் கம்போ. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் குடியிருந்த பிரெஞ்சு மொழியினரான அக்காடியர்களை ஆங்கிலேயர் 1755 முதல் அங்கிருந்து வெளியேற்றினர். அவர்களில் ஒரு பகுதியினர் 1760-களில் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தனர். பிரான்சில் தங்கியிருந்த மேலும் சுமார் 1,600 பேர் 1785-இல் 7 கப்பல்களில் வந்தனர். நகரத்தை விட்டுத் தள்ளி, சதுப்பு நீரோடைகளின் கரைகளிலும் மேற்கே இருந்த புல்வெளிகளிலும் குடியேறி, கோழியும் பன்றியும் வளர்த்து, வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்த அவர்களுடைய வழித்தோன்றல்களே கேஜன் மக்கள்.

அவர்களுடைய கம்போ ஒற்றைப் பானைச் சமையல். முட்டையிடுவது நின்றுபோன கிழட்டுக் கோழியையும் வீட்டில் புகையூட்டிய பன்றி இறைச்சியையும் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய குடும்பத்தின் பசியாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததால்தான் அதன் சுவை, நெடுநேரம் வறுத்த மாவிலும் புகை மணத்திலும் தங்கியிருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கம்போவைக் கேஜன் மக்கள் தனியே கண்டுபிடிக்கவில்லை. வெண்டைக்காயையும் அதைக் குழம்பாக்கிச் சோற்றோடு உண்ணும் வழக்கத்தையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்தனர். சசாஃப்ராஸ் மரத்தின் இலைத்தூளைச் சாக்டா பழங்குடியினர் தந்தனர். மாவைக் கொழுப்பில் வறுக்கும் முறை பிரெஞ்சுச் சமையலிலிருந்து வந்தது. லூசியானா மாநிலம் 2004-இல் கம்போவைத் தன் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது. அந்தப் பெருமையில் ஆப்பிரிக்க மக்களுக்கும் சாக்டா மக்களுக்கும் உரிய பங்கைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

எண்ணெயில் மாவை வறுக்கும் 'ரூ' எனக்குச் சரியாக வருவதில்லை. ஒரு முறை கட்டி தட்டுகிறது. இன்னொரு முறை கருகிவிடுகிறது. பயந்துகொண்டு முன்னதாகவே இறக்கினால் கம்போ வெளிறிப்போகிறது. பதம் என்ன?
— வாசகர், கோயம்புத்தூர்

கம்போவின் உயிர் இந்த ரூவில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மற்ற எதில் குறை நேர்ந்தாலும் பிறகு சரிக்கட்டலாம். ரூவில் நேர்ந்தால் முடியாது.

முதலில் பாத்திரம். அடி கனமான வார்ப்பிரும்புச் சட்டியோ கனமான எவர்சில்வர் பாத்திரமோ வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் தீ ஒரே இடத்தில் தாக்கும். அந்த இடத்தில் மாவு தீய்ந்துவிடும். பாத்திரத்தில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கிளறுவதற்கு நுனி தட்டையான மரக்கரண்டி ஏற்றது, ஏனென்றால் அடிப்பகுதியையும் மூலைகளையும் அது முழுவதுமாக வழித்துக்கொண்டு வரும். வட்டக் கரண்டியானால் பாத்திரத்தின் விளிம்பு வளைவில் மாவு தங்கி, நாம் அறியாமலே கருகும்.

அளவு எளியது: 1 கோப்பை எண்ணெய்க்கு 1 கோப்பை மைதா. பழைய காலத்தில் பன்றிக்கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். இப்போது லூசியானாவிலும் பெரும்பாலான வீடுகளில் தாவர எண்ணெய்தான். மணமற்ற சுத்திகரித்த எண்ணெய் எதுவும் பொருந்தும். செக்கெண்ணெயின் வாசம் தூக்கலாக நிற்கும் என்பதால் அது வேண்டாம். வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள் கருநிறம் வருவதற்கு முன்பே தீய்ந்துவிடும். வெளிர் நிற ரூவுக்கு மட்டுமே அது சரி. கோதுமை மாவில் உள்ள தவிடும் அப்படித்தான் முன்னதாகவே கருகும். ஆகவே மைதாவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினால் கட்டி தட்டாது. முதல் 5 நிமிடத்துக்குக் கம்பிக் கலக்கியால் அடித்து, முழுவதும் வழவழப்பானதும் மரக்கரண்டிக்கு மாறிக்கொள்ளலாம். பச்சை மாவு வாசம் முதலில் போகும். 15 நிமிடத்துக்கு மேல் ஆகும்போது வறுத்த வேர்க்கடலை நிறமும் கிட்டத்தட்ட அதே மணமும் வரும். பலர் அடுப்பை அணைத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உங்கள் கம்போ வெளிறிப்போனதற்கும் இதுவே காரணமாக இருக்கும். கிளறுவதை நிறுத்தாமல் தொடருங்கள். அரை மணி நேரத்தில் பழைய செப்புக்காசின் நிறம் வரும். 40 முதல் 45 நிமிடத்தில் கரும்பழுப்புச் சாக்லேட் நிறத்தை எட்டும். கேஜன் வீடுகளில் கோழிக் கம்போவுக்கு எதிர்பார்க்கப்படுவது இந்த நிறம்தான். கட்டியாக இருந்த கலவை இந்தக் கட்டத்தில் தளர்ந்து, கரண்டியிலிருந்து வழிந்தோடும். மாவுச்சத்து வெப்பத்தில் உடைவதன் அறிகுறி அது.

கடைசி 10 நிமிடம்தான் ஆபத்தானது. நிறம் அதுவரை மெல்ல மாறிவந்திருக்கும். அதன்பின் மிக விரைவாக மாறும். தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், தொலைபேசி அடித்தாலும் வாசல் மணி ஒலித்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். கலவையில் கரும்புள்ளிகள் தென்பட்டால் அது கருகிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வெங்காயமோ சர்க்கரையோ சேர்த்து அந்தக் கசப்பை மறைக்க முடியாது. மொத்தக் கம்போவிலும் அது ஊறிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் கனமான பாத்திரத்தின் சூட்டில் ரூ தொடர்ந்து வறுபடும் என்பதால், நீங்கள் விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்னதாகவே நறுக்கிய வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும். காய்களின் ஈரம் வறுபடுவதை உடனே நிறுத்திவிடும்.

ஓர் எச்சரிக்கை: இந்தக் கலவை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சமையல்காரர்கள் இதைத் தீக்குண்டுக்கு ஒப்பிட்டுப் பேசுவதில் மிகை எதுவும் இல்லை. நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளை அடுப்படிக்கு வர விடாதீர்கள்.

ஓபலூசாஸ் பகுதியில் பிறந்து, கேஜன் சமையலை உலகறியச் செய்த பால் புருடோம் (1940–2015) எண்ணெயைப் புகை எழும்பும் அளவுக்குக் காய்ச்சி, சில நிமிடங்களிலேயே ரூவை முடிப்பதில் வல்லவர். பழகிய கைக்குத்தான் அது வாய்க்கும். புதியவர்களுக்கு நேர் எதிரான வழியே பாதுகாப்பானது: எண்ணெயும் மைதாவும் கலந்த பாத்திரத்தை மூடாமல் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவன் அடுப்பில் வைத்து, இடையிடையே கிளறிவிட்டால் ஒன்றரை மணி முதல் 2 மணி நேரத்தில் கருநிற ரூ கிடைக்கும். அதற்கும் நேரமில்லை என்றால் புட்டியில் அடைத்த ரூவை வாங்குவதில் தவறில்லை. லூசியானா மளிகைக் கடைகளின் அலமாரியில் அது வழக்கமாக இருக்கும் பொருள்தான்.

ரூ நன்றாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்குக் கோழிக் கம்போ செய்ய முழு முறையையும் வரிசையாகச் சொல்வீர்களா?
— வாசகி, திருச்சி

சமைப்பதற்கு முதல் நாளே சாற்றைத் தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள முழுக்கோழியை, வெங்காயத் துண்டுகள், செலரித் தழை, சில மிளகு ஆகியவற்றோடு மூன்றரை லிட்டர் நீரில் மெல்லிய கொதியில் சுமார் 1 மணி நேரம் வேகவிட்டு, சதையைப் பிரித்தெடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். எலும்புகளை மீண்டும் அதே நீரில் போட்டு இன்னும் 1 மணி நேரம் வேகவைத்து வடிகட்டினால் ஏறத்தாழ இரண்டரை முதல் 3 லிட்டர் சாறு கிடைக்கும். நாட்டுக்கோழி கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேக இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். ஆனால் கேஜன் பாட்டிமார்களின் கம்போ முதிர்ந்த கோழியில் உருவானதுதான், அந்தச் சாற்றின் அழுத்தம் பிராய்லர் கோழியில் வராது.

சமைக்கும் நாளில், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே காய்கள் அனைத்தும் நறுக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரிய வெங்காயம் 400 கிராம், செலரித் தண்டு 3, பச்சைக் குடைமிளகாய் 2, பூண்டு 6 பல். வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்றின் சேர்க்கையைப் புனித மும்மை என்று பொருள்படும் பெயரால் லூசியானா மக்கள் அழைக்கிறார்கள். அவர்களுடைய பெரும்பாலான குழம்புகளுக்கு அதுவே அடித்தளம். செலரியைத் தவிர்த்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தவிர்க்க வேண்டாம். அதன் இலேசான உவர்ப்பும் பச்சை மணமும் இல்லையென்றால் கம்போ வெறும் கோழிச்சாறாகிவிடும்.

புகையூட்டிய சாசேஜ் 450 கிராமை வட்டத் துண்டுகளாக நறுக்கி, கம்போ செய்யப்போகும் பாத்திரத்திலேயே பொன்னிறமாக வறுத்து எடுத்துவிட வேண்டும். வடிந்த கொழுப்பை எண்ணெய்யோடு சேர்த்து 1 கோப்பையாக அளந்துகொள்ளுங்கள். அடியில் ஒட்டிய துணுக்குகள் ரூ வறுபடும்போது கருகிவிடும் என்பதால், பாத்திரத்தில் சிறிது சாறு ஊற்றிச் சுரண்டி அதைத் தனியே வடித்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே ரூவைத் தொடங்குங்கள். அது பதத்துக்கு வந்ததும் வெங்காயத்தைக் கொட்டுங்கள். ஆவி குபீரென்று மேலெழும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நொடியே அடுக்களையின் வாசம் மாறிவிடும்: வறுத்த மாவின் மணத்தோடு வெங்காயத்தின் இனிப்பு கலந்து, கலவை பளபளப்பாகி, நிறம் ஒரு படி கூடும். லூசியானாவில் வளர்ந்த எவரையும் சொந்த ஊர் நினைவுக்கு இழுத்துச் செல்லும் வாசம் இதுதான். 5 நிமிடம் கழித்து செலரியையும் குடைமிளகாயையும், அவை துவண்டதும் பூண்டையும் சேர்த்து வதக்குங்கள்.

இனிச் சாறு. கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், வெதுவெதுப்பான சாற்றை ஒவ்வோர் அகப்பையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கலவை சீராகும்வரை கிளறுங்கள். தொடக்கத்தில் பசை போலத் திரண்டு நிற்கும். 1 லிட்டர் சேர்வதற்குள் இளகிவிடும். எடுத்துவைத்த சுரண்டல் சாற்றையும் மீதிச் சாற்றையும் ஊற்றி, சாசேஜ், பே இலை 3, உலர்ந்த தைம் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, கயென் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடியைப் பாதி திறந்து வைத்து ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலைக்கு இலவங்கப்பட்டையின் சாயல் உண்டு. அது பே இலை அல்ல. பே இலை கிடைக்காவிட்டால் எதையும் மாற்றிப் போடாமல் விட்டுவிடுவதே மேல்.

பிரித்து வைத்த கோழிச் சதையைக் கடைசி 20 நிமிடத்தில் சேர்த்தால் நாராகப் பிரிந்து கரைந்துபோகாமல் துண்டாக நிற்கும். சாசேஜில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், உப்பை இறுதியில் சுவைத்துப் பார்த்தே போட வேண்டும். நறுக்கிய வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி இறக்குங்கள். குழிந்த கிண்ணத்தில் கம்போவை ஊற்றி, நடுவில் ஒரு கரண்டி வெள்ளைச் சாதத்தை வைப்பது வழக்கம்; சோறு துணைதான், நிறைய வேண்டாம். லாஃபயெட்டைச் சுற்றிய பகுதியில் உருளைக்கிழங்கு சாலட்டையும் ஒரு கரண்டி அதே கிண்ணத்தில் வைத்துச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். குளிர்ந்த சாலட்டும் சூடான கம்போவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

ஆண்டூயி சாசேஜ் சென்னையில் கிடைக்கவில்லை. எதைப் பயன்படுத்தலாம்? எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டோம் என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.
— வாசகி, சென்னை

ஆண்டூயியின் சிறப்பு இரண்டு. இறைச்சியைக் கூழாக அரைக்காமல் கொரகொரப்பான துண்டுகளாகவே பூண்டும் மிளகும் சேர்த்து அடைப்பது ஒன்று. மணிக்கணக்கில் புகையூட்டுவது மற்றொன்று. நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள லாபிளாஸ் என்ற ஊர் இதற்குப் பெயர்பெற்றது. பீக்கன் மரக்கட்டையும் கரும்புச் சக்கையும் எரித்துப் புகையூட்டுவது அங்குள்ள மரபு. நீங்கள் மாற்றுத் தேடும்போது இந்த இரண்டாவது பண்பையே முதன்மையாகக் கொள்ளுங்கள். புகை மணமுள்ள கோழி அல்லது வான்கோழிச் சாசேஜ் எதுவாயினும் சரி. அமெரிக்காவிலேயே பன்றி உண்ணாதவர்கள் மாட்டிறைச்சி, வான்கோழிச் சாசேஜ்களில் கம்போ செய்கிறார்கள். ஹாட் டாக்குக்கான மிருதுவான சாசேஜை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரக் கொதியில் அது ஊதிச் சுவையற்றுப்போகும்.

புகையூட்டிய சாசேஜே கிடைக்காத நிலையில், சாற்றுக்கான கோழியில் நான்கைந்து துண்டுகளை எடுத்துக் கரி அடுப்பில் நன்றாகச் சுட்டு, அவற்றைக் கம்போவில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடலாம். புகையூட்டிய பாப்ரிக்காத்தூள் 1 தேக்கரண்டியும் துணை செய்யும். அது ஆண்டூயி ஆகிவிடாது என்றாலும் சாற்றின் அடியில் புகைச்சுவை இருக்கும்.

வெண்டைக்காய், ஃபீலே தூள் இரண்டையும் சேர்க்க வேண்டுமா? வெண்டைக்காய் சேர்த்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. ஃபீலே உடல்நலத்துக்குக் கேடு என்றும் ஒருவர் சொன்னார்.
— வாசகர், சிங்கப்பூர்

ரூ, வெண்டைக்காய், ஃபீலே ஆகிய மூன்றும் கம்போவைக் கெட்டியாக்குபவை. ரூவோடு வெண்டைக்காயோ ஃபீலேயோ ஏதாவது ஒன்றைச் சேர்ப்பதே பொதுவான வழக்கம். இரண்டையும் சேர்த்தால் கம்போ இழுபடும் பதத்துக்குப் போய்விடும். வெண்டைக்காய் காய்க்கும் கோடையில் அதையும், காய்க்காத குளிர்காலத்தில் உலர்த்திச் சேமித்த ஃபீலேயையும் பயன்படுத்தியது பழைய முறை. இரண்டும் இல்லாமல் ரூவை மட்டுமே நம்பிச் செய்யும் கோழிக் கம்போவும் கேஜன் வீடுகளில் உண்டு.

வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்கும் வழி நம் வீடுகளில் அறிந்ததே. கழுவித் துடைத்து ஈரமின்றி நறுக்கி, தனி வாணலியில் எண்ணெய் விட்டு, ஒரு தேக்கரண்டி வினிகர் தெளித்து, நூல் இழுப்பது நிற்கும்வரை 20 நிமிடத்துக்குக் குறையாமல் வதக்கிய பின்பே கம்போவில் சேர்க்க வேண்டும். இரும்பு வாணலியில் வதக்கினால் கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

ஃபீலே என்பது சசாஃப்ராஸ் மரத்தின் இளம் இலைகளை உலர்த்தி இடித்த பச்சைத் தூள். உங்கள் நண்பர் சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு: அந்த மரத்தின் வேர்ப்பட்டையிலும் எண்ணெயிலும் சஃப்ரோல் என்ற வேதிப்பொருள் மிகுந்திருப்பதால், அதை உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்க அரசு 1960-இல் தடை விதித்தது. இலைகளில் அந்தப் பொருள் மிக மிகக் குறைவு. ஃபீலே அங்கே தடையின்றி விற்கப்படுகிறது. கம்போவுக்குத் தேவைப்படுவதும் ஒரு கிண்ணத்துக்குக் கால் தேக்கரண்டி அளவுதான். ஃபீலேயை ஒருபோதும் கொதிக்கவிடாதீர்கள். கொதித்தால் நூல் நூலாகத் திரியும். அடுப்பை அணைத்த பிறகு தூவிக் கலக்கலாம். அதைவிடச் சிறந்தது, மேசையில் வைத்து அவரவர் கிண்ணத்தில் அவரவரே தூவிக்கொள்வது. மீந்த கம்போவை மறுநாள் சூடாக்கும்போதும் அப்போது சிக்கல் வராது.

நீங்கள் சொல்லும் அளவு மிளகாய்த்தூள் எங்கள் நாக்குக்கு உறைக்கவே உறைக்காது. கொஞ்சம் கரம் மசாலாவும் இஞ்சியும் சேர்த்தால் என்ன?
— வாசகர், மதுரை

உங்கள் சமையலறையில் உங்கள் விருப்பம்தான் முதன்மை. ஆனால் சேர்க்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். முக்கால் மணி நேரம் நின்று கிளறி வறுத்த மாவின் மணம், பட்டையும் கிராம்பும் ஏலமும் விழுந்த அடுத்த கணம் காணாமல் போய்விடும். கேஜன் சமையல் என்றால் கடுங்காரம் என்ற எண்ணம், உணவகங்களும் மசாலாப் பொட்டலங்களும் பரப்பியது. வீட்டுக் கம்போவில் காரம் பின்னணியில், தொண்டையில் இலேசாக உணரும்படி மட்டுமே இருக்கும். உறைப்பு வேண்டுவோர் மிளகைக் கூட்டலாம். அல்லது லூசியானாவின் எவரி தீவில் 1868 முதல் தயாராகும் டபாஸ்கோவைப் போன்ற வினிகர் சேர்ந்த மிளகாய்ச் சாறைச் சாப்பிடும்போது சில துளிகள் விட்டுக்கொள்ளலாம். கம்போ சப்பென்று இருப்பதாகத் தோன்றினால் பெரும்பாலும் அதன் காரணம் உப்புக் குறைவு, அல்லது சாற்றுக்குப் பதிலாக வெறும் நீர் ஊற்றியது. மசாலாவைத் தேடுவதற்கு முன் அந்த இரண்டையும் பாருங்கள்.

கம்போவின் மேல் எண்ணெய் மிதக்கிறது, குழம்பும் நீர்த்திருக்கிறது. சோளமாவு கரைத்து ஊற்றலாமா?
— வாசகி, கொழும்பு

சோளமாவு வேண்டாம்; பளபளப்பான பசைத்தன்மை வந்துவிடும். கருநிறமாக வறுத்த ரூவில் மாவுச்சத்து உடைந்துவிடுவதால் அதன் கெட்டியாக்கும் திறன் இயல்பாகவே குறைந்திருக்கும். ஆகவே கேஜன் கம்போ கரண்டியின் முதுகில் மெல்லியதாகப் படியும் பதத்தில் இருப்பதே முறை. அதைவிடவும் நீர்த்திருந்தால் மூடியைத் திறந்து மேலும் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வற்றவையுங்கள். மிதக்கும் எண்ணெய் குறையல்ல. ஒரு மணி நேரக் கொதிக்குப் பிறகு அது ஓரங்களில் ஒதுங்கும்போது கரண்டியால் எடுத்துவிட வேண்டும்.

இறால், நண்டு போட்டுச் செய்யும்போது முறை மாறுமா?
— வாசகர், தூத்துக்குடி

மாறும். கோழிச்சாற்றுக்குப் பதிலாக, இறாலின் தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் சிவக்க வதக்கி, நீர் ஊற்றி 40 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு வேண்டும். தலையை எறிந்துவிட்டுச் சதையை மட்டும் வாங்கி வருபவர்கள் சுவையின் பெரும்பகுதியைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ரூவை ஒரு படி முன்னதாக, செப்பு நிறத்திலேயே நிறுத்துங்கள்; அதைவிடக் கருத்தால் கடல் உணவின் இனிப்பை அது அமுக்கிவிடும். உடைத்த நண்டைக் கொதியின் தொடக்கத்தில் சேர்க்கலாம், அதன் ஓடு சாற்றுக்குச் சுவை தரும். இறாலையோ கடைசி 4 நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். சுருண்டு நிறம் மாறியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். சிப்பிச் சதை கிடைத்தால் அதையும் அப்போதே சேர்க்கலாம். விளிம்பு சுருங்கியதும் வெந்துவிட்டது என்று பொருள்.

சைவர்களுக்குக் கம்போ உண்டா?
— வாசகி, மயிலாடுதுறை

கீரைக் கம்போ என்று ஒரு வகை இருக்கிறது. தவக்காலத்தில், குறிப்பாகப் பெரிய வியாழனன்று லூசியானாவின் கத்தோலிக்கக் குடும்பங்களில் செய்வது. நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் அம்மையார் (1923–2019) ஆண்டுதோறும் அந்த நாளில் அதைச் சமைத்துப் பரிமாறி வந்தார். இன, நிற வேறுபாடு சட்டமாக இருந்த காலத்தில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் அவருடைய உணவகத்தின் மாடியில் ஒன்றாக அமர்ந்து, கறுப்பின மக்களின் சம உரிமைக்கான குடிமை உரிமைப் போராட்டத்தைத் திட்டமிட்டார்கள். கம்போவைப் பற்றிப் பேசும்போது அவரைக் குறிப்பிடாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதும், எத்தனை கீரையோ அத்தனை புதிய நண்பர்கள் வாய்ப்பார்கள் என்பதும் அங்குள்ள நம்பிக்கை.

அவருடைய கீரைக் கம்போவில் இறைச்சிகளும் நிறையச் சேரும். முழுச் சைவமாகச் செய்ய விரும்பினால் கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரை, பீட்ரூட் கீரை, பசலைக்கீரை, முட்டைக்கோஸ் ஆகிய ஐந்தையும் வேகவைத்து, அந்த நீரைக் கீழே கொட்டாமல் சாறாகப் பயன்படுத்தி, கீரையைப் பாதி மசித்துச் சேருங்கள். கசப்பும் உறைப்பும் கலந்த கீரைகள் இருப்பது அவசியம். பசலையை மட்டும் போட்டால் சுவை தட்டையாகிவிடும். இறைச்சி தரும் ஆழத்துக்கு ஈடாக, உலர்ந்த காளானை ஊறவைத்த நீரையும் புகையூட்டிய பாப்ரிக்காவையும் சேர்க்கலாம். மற்றபடி ரூவும் காய்களும் மேலே சொன்ன முறையிலேயே.

எங்கள் குடியிருப்பில் ஒரு விழாவுக்கு முப்பது பேருக்குச் செய்ய நினைக்கிறேன். முதல் நாளே செய்து வைக்கலாமா?
— வாசகர், பெங்களூரு

தாராளமாகச் செய்யலாம். கூட்டத்துக்குச் சமைப்பது கம்போவின் இயல்பிலேயே இருக்கிறது. மாமூ, யூனிஸ் போன்ற கேஜன் சிற்றூர்களில், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் முகமூடி அணிந்தவர்கள் குதிரைகளிலும் வண்டிகளிலும் வீடு வீடாகச் சென்று, ஆடிப்பாடி, கம்போவுக்கான பொருள்களைக் கேட்டு வாங்குவார்கள். வீட்டுக்காரர் உயிருள்ள கோழி ஒன்றைப் பறக்கவிட, சேற்றிலும் வயலிலும் துரத்தி அதைப் பிடிக்க வேண்டும். மாலையில் ஊருக்கே பெரிய அண்டாவில் கம்போ கொதிக்கும்.

முப்பது பேருக்கு மேலே சொன்ன அளவைப் போல நான்கு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரூவை ஒரே தடவையில் நான்கு மடங்காக வறுக்காமல் இரண்டு தடவையாக வறுப்பது நல்லது, கையும் சோராது, கருகும் ஆபத்தும் குறையும். ரூவை ஒரு வாரம் முன்னதாகவே வறுத்து ஆறவைத்துப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். அப்படி வைத்த ரூவைப் பயன்படுத்தும்போது கொதிக்கும் சாற்றில் கரண்டி கரண்டியாகக் கரைத்துவிட்டால் போதும். காய்களைத் தனியே வதக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சமைத்த கம்போ மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அண்டா நிறையக் கம்போவை அப்படியே மூடிவைத்தால் நடுப்பகுதி விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுவிடும். அகலமான, ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த நீரில் அமர்த்தி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மேலே உறையும் கொழுப்பை மறுநாள் காலையில் எளிதாக எடுத்துவிடலாம். சூடாக்கும்போது அடிப்பிடிக்காமல் கிளறி, நன்றாகக் கொதி வந்த பிறகே பரிமாற வேண்டும். மீந்ததைக் குளிர்பெட்டியில் 3 நாள் வரையும், உறைநிலையில் 2, 3 மாதம் வரையும் வைத்திருக்கலாம். இறால் சேர்த்த கம்போவானால் இறாலைப் போடாமல் உறையவைத்து, சூடாக்கும்போது புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோற்றையும் அன்றன்றைக்குத் தனியே வடித்துக்கொள்வதே சரி, கம்போவில் ஊறிய சோறு மறுநாள் குழைந்து மாவாகிவிடும்.